ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வரப்பு

நேயர்களுக்கு வணக்கம். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு துண்டுகள் சுருங்கிவிடும், இல்லையா? உப்பு தண்ணீரை இழுத்துவிடுகிறது. உப்பு மண்ணில் நிற்கும் கத்தரிச் செடிக்கும் இதே கஷ்டம்தான். மண்ணில் இருக்கும் உப்பு தண்ணீரை வேருக்கு விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. கையில் அள்ளிப் பார்த்தால் மண் ஈரமாக இருக்கும். செடியோ வாடி நிற்கும்.

செடி வாடுகிறதே என்று நாம் என்ன செய்கிறோம்? மோட்டாரைப் போட்டு இன்னும் தண்ணீர் பாய்ச்சுகிறோம். போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 2000 என்றால் ஒரு லிட்டரில் 2 கிராம் உப்பு. ஒரு பாத்திக்குத் தினமும் 10 லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 600 கிராம். வாடிய செடிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு! அந்த உப்பு ஆவியாகிப் போகாது. தண்ணீர்தான் போகும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வருவதை 1969-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மண் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கொல்லையில் மண்ணை நீள மேடுகளாக அணைத்து, பார் பாராக வைத்த கத்தரி நாற்றெல்லாம் கருகிக் கிடந்தது. பக்கத்துக் கொல்லையிலும் அதே மண், அதே கிணற்றுத் தண்ணீர், ஆனால் செடிகள் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. அந்தக் கொல்லைக்காரப் பெரியம்மாவிடம் என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டேன். "உரமும் இல்ல ஒண்ணும் இல்ல தம்பி. பாரோட உச்சியில வைக்காத, உப்பு அங்கதான் ஏறிக் குந்தும். இடுப்புல வை" என்றார்.

மனதுக்குள் ஒரு பாரை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஈரம் பாரின் உச்சிக்கு ஏறும். அங்கே வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், கொண்டு வந்த உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நாம் நாற்றை நேராக அந்த உச்சியில் நட்டிருப்போம்! சரிவில், அதாவது இடுப்பில் வைத்தால் அது பிழைத்துக்கொள்ளும். முளைக்கும் விதையும் இளம் நாற்றும்தான் உப்புக்கு முதலில் பலியாகிறவை. அந்தப் பருவத்தைத் தாண்டிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. நான் படித்த பாடத்திலும் இது இருந்தது. அன்றைக்கு அந்தக் கொல்லையில் நின்றபோதுதான் புத்தியில் ஏறியது.

சரி, மண்ணில் இருக்கும் உப்பை எப்படிப் போக்குவது? கீழே கழுவி இறக்குவது ஒன்றுதான் வழி. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். அதை வானம் இலவசமாகத் தருகிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி. அதாவது இரண்டு அடிக்கு மேல் தண்ணீர். ஒரு அடி ஆழ மண்ணின் வழியாக அரை அடி தண்ணீர் இறங்கினால் உப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். ஒரு அடி இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு. இறங்கினால் என்கிறேன், கவனியுங்கள். மேலாக ஓடிப்போகிற மழை மேல்மண்ணைத்தான் கொண்டு போகும். அதனால் மழைக்கு முன்பே நிலத்தைச் சமன் செய்து வரப்புக் கட்டுங்கள், ஓரத்தில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டுங்கள். வடிகால் இல்லாவிட்டால் கீழே இறங்கிய உப்பு சித்திரை வெயிலில் மறுபடி மேலே வந்துவிடும். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினத்து வயல்கள் பலவும் அடுத்த வருஷத்துப் பெருமழையில்தான் தேறின. ஆவணியில் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் மண் இன்னும் இளகும், மழையும் சுலபமாக இறங்கும்.

ஜிப்சம் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். காய்ந்தால் கல்லாக இறுகி, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கிற களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணுக்கு அது வீண் செலவு. பரிசோதனை செய்துவிட்டு வாங்குங்கள்.

எந்தக் காய் போடுவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மண் பரிசோதனைச் சீட்டில் ஈசி என்று, உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அது ஒன்றைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். தக்காளி இரண்டரை வரை தாங்கும், பீட்ரூட் நான்கு வரை. கொத்தவரை எட்டுக்கு மேலேயும் நிற்கும். மாடித் தோட்டக்காரர்கள் இந்த மழையில் ஒரு டிரம் நீராவது பிடித்து மூடி வையுங்கள், தை மாத நாற்றுக்கு அதை மட்டும் ஊற்றுங்கள். நன்றி, வணக்கம்.