இருட்டான தெரு யாருக்குத் தெரியும்?

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு ஒன்பது மணிக்கு மேல் எந்தத் தெருவில் நடக்கலாம், எதில் நடக்கக் கூடாது என்பது அந்தந்தப் பகுதிப் பெண்களுக்கு அத்துப்படி. எந்த பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நிற்க வேண்டும், எந்தச் சுரங்கப்பாதைக்குள் தனியாக இறங்கக் கூடாது, டாஸ்மாக் மூடும் நேரத்தில் எந்த வழி ஆகாது என்றெல்லாம் அம்மா மகளுக்குச் சொல்கிறார், ஹாஸ்டலில் அக்காக்கள் புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்கிறார்கள். காவல் நிலையப் பதிவேட்டைப் புரட்டினால் இதில் பெரும்பகுதி இருக்காது. பின்னாலேயே நடந்து வந்த ஒருவனுக்காக எத்தனை பேர் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்? வழியை மாற்றிக்கொள்கிறார்கள். சிலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

ஆக, ஊரைப் பற்றிய மிக முக்கியமான தகவல் மக்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

எகிப்தின் கெய்ரோ நகரில் 2010 கடைசியில் ஹராஸ்மேப் என்ற முயற்சி தொடங்கியது. தெருவில் தொல்லைக்கு ஆளான பெண் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் போதும். பெயர் சொல்ல வேண்டாம். எங்கே நடந்தது, என்ன நடந்தது, அவ்வளவுதான். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். அதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. தன்னார்வலர்கள் தெருவில் இறங்கி, பெட்டிக்கடைக்காரர்களிடமும் கட்டடக் காவலாளிகளிடமும் போய்ப் பேசினார்கள். உங்கள் கண்ணெதிரே நடந்தால் சும்மா இருக்காதீர்கள், தட்டிக் கேளுங்கள் என்றார்கள். நம் ஊரிலும் தெருவைக் கவனித்துக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. டீக்கடைக்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார். அவர்களிடமும் இப்படி முறையாகப் பேச வேண்டும்.

டெல்லியில் 2012 டிசம்பரில் ஓடும் பஸ்ஸில் ஒரு இளம்பெண்ணுக்கு நடந்த அந்தக் கொடுமைக்குப் பிறகு, 2013இல் சேஃப்டிபின் என்ற செயலி வந்தது. ஓர் இடத்தில் நின்று பார்த்து அதற்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். வெளிச்சம் இருக்கிறதா, நடைபாதை நடக்கிறபடி இருக்கிறதா, ஆள் நடமாட்டம் உண்டா, அதில் பெண்கள் இருக்கிறார்களா, பஸ்ஸோ ரயிலோ பக்கத்தில் கிடைக்குமா, நிற்கும்போது மனதுக்கு எப்படி இருக்கிறது என்று மொத்தம் ஒன்பது விஷயங்கள். பிறகு கார் கண்ணாடியில் போனைப் பொருத்தி, இரவில் ஓட்டிக்கொண்டே படம் எடுத்தார்கள். டெல்லியில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இருட்டான இடங்கள் கணக்கில் வந்தன. பட்டியல் அரசின் கைக்குப் போனது, விளக்குகள் வந்தன. பிறகு எடுத்த கணக்கில் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது.

கவனித்தீர்களா, இந்தப் பட்டியலில் ஒரு மனிதரின் பெயரும் இல்லை. கம்பம், கிளை மறைத்த விளக்கு, உடைந்த நடைபாதை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பரவியிருந்த வதந்தி கூட்டத்தைக் கூட்டியது. அந்தக் குடும்பத்தில் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவை அடித்தே கொன்றார்கள். அந்த வதந்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பை நினைத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். குடியிருப்புக் குழுக்களில் இன்றும் முகம் தெரியாதவர்களின் போட்டோ போட்டு, சந்தேகமாக இருக்கிறது என்று எழுதுகிறார்கள். பழைய பேப்பர் எடுக்க வந்தவர், வெளிமாநிலத் தொழிலாளி, மனநலம் குன்றியவர் என்று யார் வேண்டுமானாலும் அதில் சிக்கலாம். தயவுசெய்து இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஆளைப் பற்றி அச்சம் இருந்தால் அவசர உதவி எண்ணான 112க்கு மட்டும் சொல்லுங்கள், குழுவில் போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2012இல், கார் குலுங்குவதை வைத்தே சாலைப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு செயலியைக் கொண்டுவந்தார்கள். ஸ்மார்ட்போன் அதிகம் உள்ள வசதியான பகுதிகளின் பள்ளங்கள்தானே அதில் நிறையப் பதிவாகும் என்ற கேள்வி எழுந்தது. அதனால் எல்லாப் பகுதிக்கும் போகும் மாநகராட்சிச் சாலை ஆய்வாளர்களிடம் முதலில் கொடுத்தார்கள். சென்னையில் குடிசைகளை அகற்றி மக்களைக் குடியேற்றிய கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீட்டுவேலை முடித்து இரவில் திரும்பும் பெண்கள் செயலியைத் திறந்து புகார் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். அங்கிருந்து புகார் வரவில்லை என்றால், அங்கே குறை இல்லை என்று எந்த அதிகாரியும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நேரில் போய்க் கேட்க வேண்டும், அதுவும் அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில்.

சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்குப் பேசலாம். தெருப் பெயரோடு விளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையும் சொன்னால் தேடி அலைய வேண்டியதில்லை. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒருமுறை சொல்லியும் பதில் வராவிட்டால் மக்கள் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். இப்படிப்பட்ட பல முயற்சிகள் அங்கேதான் படுத்துவிடுகின்றன. 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை நடக்கிறது. உங்கள் பகுதியில் கூடும்போது போங்கள், பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். போன தடவை சொன்ன விளக்குகளில் எத்தனை இப்போது எரிகின்றன என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். எரியாதவற்றின் பட்டியலைச் சபையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.