குடல் நோயும் மூட்டு வலியும்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தோ, சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் நின்றோ வேலை செய்பவருக்கு இடுப்பு வலித்தால், நாம் வேலையின் மேல்தான் பழியைப் போடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால், நாற்பது வயதைத் தாண்டாத ஒருவருக்கு அந்த வலி ஓய்வில் கூடி, நடமாட்டத்தில் குறைந்து, பின்னிரவில் தூக்கத்தைக் கலைத்து, காலையில் வெகுநேரம் விறைப்பாக நீடித்து, அத்துடன் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால், கிரோன் நோயையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1932-இல் நியூயார்க் மருத்துவர் பர்ரில் கிரோனும் அவருடைய சகாக்களும் விவரித்த இந்நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது எனினும், சிறுகுடலின் கடைசிப் பகுதியையே அதிகம் தாக்குகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுமீறிக் குடலில் அழற்சியை மூட்டுகிறது. அந்த அழற்சி குடலோடு நிற்பதில்லை.

முழங்கால், கணுக்கால் போன்ற சில பெரிய மூட்டுகள் வீங்கும்போது, வயிறு அடங்கினால் வீக்கமும் பெரும்பாலும் அடங்கிவிடும். முதுகெலும்பும் அது இடுப்பெலும்போடு சேரும் மூட்டும் அப்படியல்ல. குடல் அமைதியாக இருக்கும்போதும் அங்கே நோய் தன்போக்கில் வளரும். சிலருக்கு வயிற்றுத் தொந்தரவுக்குப் பல ஆண்டுகள் முன்பே மூட்டு வலி வந்துவிடுவதால், இரண்டையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைப் பற்றித்தான் நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மூட்டுக்கு இதமளிக்கும் அவை, கிரோன் நோயாளியின் குடலைக் கிளறிவிடக்கூடும். எனவே மருத்துவரைக் கேட்காமல் தொடர்ந்து விழுங்குவது நல்லதன்று.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோயும் கிரோன் நோய் தாக்கும் அதே இடத்தைத் தாக்கி, அதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால், கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் செய்த பிறகும் மருத்துவர் தயங்க நேரிடலாம். அந்தத் தயக்கத்தைத் திறமைக் குறைவாகக் கொள்ளாதீர்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் குடலுக்கும் மூட்டுக்கும் ஒருசேரப் பயன்பட்டாலும், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடியவை. ஆகவே முதலில் அதற்கான சோதனை அவசியம். அதே வரிசையைச் சேர்ந்த எட்டனர்செப்ட் மூட்டுக்குக் கேட்கும், கிரோன் நோய்க்குக் கேட்காது. மூட்டு மருத்துவரிடம் போகும்போது வயிற்றுக் கதையையும் கூச்சமின்றிச் சொல்லச் சொல்வது இதனால்தான்.