சந்தைக்கே வராத மாடு

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். 'ஒரு ராக், பாப் ஆல்பத்தின் தரத்தைச் சொல்வது அது வெளிவந்த காலத்து விற்பனையா, பின்னால் தேடி வரும் ரசிகனின் காதா?' நான் காதின் பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய நண்பர், "மக்கள் முட்டாள்கள் இல்லை. நல்ல பாட்டென்றால் காசு கொடுத்து வாங்குவார்கள். வாங்கவில்லை என்றால் குறை பாட்டில்தான்" என்றார். கைதட்டலும் வாங்கினார். மக்கள் முட்டாள்கள் இல்லை என்பதில் அவரும் நானும் ஒரே கட்சி. ஆனால் ஒன்றை அவர் விசாரிக்கவே இல்லை. வாங்கலாம் என்று போனவனுக்கு அந்த இசைத்தட்டு கடையில் இருந்ததா?

அமெரிக்காவில், டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிஸ் நகரம். 1971-இல் அங்கே நாலு பையன்கள் ஒரு குழு தொடங்கினார்கள். அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீஃபன்ஸ். அவர்கள் வேலை செய்த ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு மளிகைக் கடை இருந்தது. அதன் பெயர் 'பிக் ஸ்டார்'. ஒலிப்பதிவுக்கு நடுவே தின்பதற்கு எதையாவது வாங்க அங்கேதான் போவார்கள். அந்தப் பெயரையே குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதில் சில்டன் யாரென்று பாருங்கள். பதினாறு வயதில் 'பாக்ஸ் டாப்ஸ்' என்ற குழுவில் அவர் பாடிய பாட்டு 1967-இல் அமெரிக்காவில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. எதிரணி நண்பர் தலையில் வைத்துக் கொண்டாடும் அதே சந்தை, அந்தக் குரலை ஏற்கெனவே லட்சக்கணக்கில் வாங்கியிருந்தது. குரலில் குறை இல்லை. பாட்டில் இருந்ததா? 1972-இல் பிக் ஸ்டாரின் முதல் ஆல்பம் 'நம்பர் ஒன் ரெக்கார்டு' வந்தது. நீளநீளமான கிட்டார் ஆலாபனைகள் கோலோச்சிய காலம் அது. இவர்களோ மூன்று நிமிடப் பாட்டு எழுதினார்கள். கிட்டார் பித்தளை மணி போலக் கணீரென்று ஒலிக்கும். ஸ்டூடியோ உரிமையாளர் ஜான் ஃப்ரை ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும்படி பதிவு செய்திருந்தார். குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் போகும். பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

சரி, படித்தவன் கடைக்குப் போனான். தட்டு இல்லை!

காரணம் இதுதான். ஆல்பத்தைக் கடைகளுக்கு அனுப்பும் பொறுப்பு மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. ஸ்டாக்ஸ் என்றால் சோல் இசை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு. அதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் வெள்ளைக்காரப் பையன்களின் ராக் தட்டை எந்த ஊரில், எந்தக் கடையில் கொண்டுபோய் வைப்பது என்பது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. அந்த வருடக் கடைசியில் ஸ்டாக்ஸ் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய நிறுவனத்திடம் கொடுத்தது. நிலைமை இன்னும் மோசமானது. இரண்டுக்கும் நடுவே சிக்கிய ஆல்பம் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை. மனமுடைந்த கிறிஸ் பெல் குழுவை விட்டே போனார். மீதி மூவரும் 1974-இல் 'ரேடியோ சிட்டி' என்று இரண்டாவது ஆல்பம் போட்டார்கள். அதற்குள் கொலம்பியாவுக்கும் ஸ்டாக்ஸுக்கும் தகராறு முற்றியிருந்தது. அதுவும் கடைக்குச் சரியாகப் போகவில்லை. அதே 1974-இல் பதிவான மூன்றாவது ஆல்பத்தை வெளியிட ஆளே கிடைக்கவில்லை. 1975-இல் ஸ்டாக்ஸ் திவாலானது. அந்த மூன்றாவது ஆல்பம் 1978-இல்தான் வெளிச்சத்தைப் பார்த்தது.

நடுவர் அவர்களே, மாட்டைச் சந்தைக்கே ஓட்டி வரவில்லை. விலை போகவில்லையே, அப்படியென்றால் நோஞ்சான் மாடுதான் என்று தீர்ப்பு சொல்கிறார் எதிரணி நண்பர்.

கிறிஸ் பெல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1978 டிசம்பர் 27-ஆம் தேதி கார் விபத்தில் அவர் இறந்தார். வயது இருபத்தேழு. உயிரோடு இருந்தபோது அவர் தனியாகப் பாடி வெளிவந்தது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே பாட்டுகள் கொண்ட ஒரு சிறிய தட்டு. அவருடைய தனி ஆல்பம் 1992-இல் வந்தது. பதினான்கு வருடம் கழித்து! அதில் அவர் குரல் உச்சத்துக்குப் போகும்போது லேசாக உடையும். சுருதிக்குள்தான் நிற்கும், ஆனால் உடையும். அந்த இடத்தைக் கேட்டவர்கள் யாரும் விற்பனைக் கணக்கை ஒரு அளவுகோலாக நீட்ட மாட்டார்கள்.

எதிரணியின் இரண்டாவது வாதம்: "நல்லது தானாக மேலே வந்துவிடும், நீங்கள் தேடித் திரிய வேண்டியதில்லை." தானாக என்ற அந்தச் சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். குடத்துக்குள் வைத்த விளக்கு தானாக வெளியே வராது. ஒருத்தர் கைவிட்டு எடுக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 'ஸோம்பிஸ்' என்று ஒரு குழு. 1967-இல், பீட்டில்ஸ் தங்கள் புகழ்பெற்ற ஆல்பத்தை முடித்துவிட்டுக் கிளம்பிய கொஞ்ச நாளில், லண்டன் அபே ரோட்டில் அதே ஸ்டூடியோவுக்குள் இவர்கள் நுழைந்தார்கள். ஜான் லெனன் அங்கேயே விட்டுப்போன மெலோட்ரான் வாத்தியத்தையும் எடுத்து வாசித்தார்கள். கம்பெனி கொடுத்தது ஆயிரம் பவுண்டு. பணம் தீர்ந்த பிறகு ஸ்டீரியோ பதிப்பும் வேண்டும் என்றது கம்பெனி. பாட்டு எழுதிய ராட் ஆர்ஜென்ட்டும் கிறிஸ் வைட்டும் சொந்தக் காசைப் போட்டு அதை முடித்தார்கள். 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' என்பது ஆல்பத்தின் பெயர். அட்டை வரைந்த நண்பர் 'ஒடிஸி'யை எழுத்துப் பிழையோடு எழுதிவிட, இன்றுவரை அந்தப் பிழையோடுதான் அச்சாகிறது. 1968 ஏப்ரலில் தட்டு வந்தபோது, குழு கலைந்து மாதங்கள் ஆகியிருந்தன.

முதல் பாட்டைக் கேளுங்கள். பியானோ துள்ளிக்கொண்டு தொடங்கும், காலை வெயில் போல இருக்கும். வரிகளைக் கவனித்தால்தான் தெரியும், சிறையிலிருந்து விடுதலையாகி வரப்போகிற காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதம் அது. அப்படி ஒரு விஷயத்தை அத்தனை சந்தோஷமாகப் பாடத் தோன்றியிருக்கிறதே!

இந்த ஆல்பம் தானாகவா மேலே வந்தது? அமெரிக்க இசைக்கலைஞர் ஆல் கூப்பர் லண்டன் போனபோது இதை வாங்கி வந்து கேட்டார். கொலம்பியாவில் அவருக்கு வேலை. இதை இங்கே வெளியிட்டே ஆக வேண்டும் என்று நிறுவனத்திடம் மல்லுக்கு நின்றார். கடைசிப் பாட்டு 1969-இல் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை போனது. அப்போது அதைப் பாடிய காலின் பிளன்ஸ்டோன் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கூப்பர் என்ற ஒரு ஆளின் காது இல்லையென்றால், எதிரணி நண்பர்களின் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டே கிடையாது.

அப்புறம், ஒரு குற்றச்சாட்டு. "ஊருக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருக்கிறேன் என்ற மிதப்புக்காகத்தான் இவர்கள் இப்படிப்பட்ட ஆல்பங்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்" என்றார் இன்னொரு நண்பர். அப்படிச் சிலர் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. விற்காத ஆல்பம் எல்லாம் நல்ல ஆல்பம் என்றும் நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை மறக்கப்பட்டது நியாயம்தான். ஆனால் மிதப்புக்காரன் செய்கிற முதல் வேலை ஒளித்துவைப்பது. பிக் ஸ்டாரின் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பேங்கிள்ஸ் என்ற பெண்கள் குழு 1986-இல் தன் ஆல்பத்தில் பிக் ஸ்டார் பாட்டு ஒன்றைப் பாடியது. அந்த ஆல்பம் எங்கெங்கோ போனது. அடுத்த வருடம் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு, அலெக்ஸ் சில்டன் என்று ஆளின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு பாட்டு எழுதியது. 1993-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும் மறுபடி மேடையேறியபோது, கூட நின்று வாசித்த இருவர் 'போசீஸ்' குழுவின் இளைஞர்கள். அந்தத் தட்டுகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். தெருவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறவனை மிதப்புக்காரன் என்று எப்படிச் சொல்வது?

அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் ராக் குழு வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பம் 1967-இல் அமெரிக்கப் பட்டியலில் 171-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. மறு வருடம் நியூயார்க் போன பிராக் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அந்தக் குழுவின் தட்டு ஒன்றை ஊருக்கு எடுத்துப் போனார். அதே வருடம் சோவியத் டாங்குகள் புகுந்த பிராகில் 'பிளாஸ்டிக் பீப்பிள்' என்ற குழு தொடங்கி, அந்தப் பாட்டுகளை வாசித்தது. 1976-இல் அந்தக் குழுவினரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்த வழக்கின் கொதிப்பில்தான் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை எழுந்தது. அதன் முன்னணியில் நின்ற ஹாவெல் 1989-இல் நாட்டின் அதிபரானார். இசைத்தட்டு ஆட்சியைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. 171-ஆம் இடம் என்ற கணக்குக்குள் இதெல்லாம் எங்கே அடங்குகிறது என்றுதான் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. இன்னும் இரண்டரை நிமிடம் மட்டும் கொடுங்கள். பேசுவதற்கு இல்லை. பிக் ஸ்டாரின் முதல் ஆல்பத்தில் ஒரு பாட்டு. கல்லூரி விடுதியில் அறைத்தோழனின் இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி நான் முதன்முதலில் கேட்டது. டிரம்ஸ் கிடையாது. கிட்டாரும் குரல்களும் மட்டும். பதின்மூன்று வயதுப் பையன் ஒருத்தியிடம், பள்ளிக்கூடம் விட்டதும் உன்னோடு வீடு வரை நடந்து வரட்டுமா என்று கேட்கிறான். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல் என்கிறான். இஷ்டமில்லை என்றால் போய்விடுகிறேன் என்றும் அவனே சொல்லிவிடுகிறான். அந்த இடத்தில் கிட்டாரை மட்டும் கவனியுங்கள். தீர்ப்பை அதற்கப்புறம் சொல்லுங்கள்.

தம்பி, அந்த மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, இந்த போன் பக்கம் திருப்பி வையப்பா.