கரண்டியில் எலுமிச்சம்பழம்

நேயர்களுக்கு வணக்கம். பளு தூக்குகிறவர்களுக்கு வரும் தோள்வலியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். 10 நிமிஷம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கூடத்தில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் பையன்கள் ஒவ்வொருவராகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். திரும்பி வர மாட்டார்கள். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அது ஒரு வசதி.

நான் டாக்டர் இல்லை. வேலூர்ப் பக்கம் 30 வருஷமாகப் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கிறவன். வேலூர் என்றதும் கோட்டையும் வெயிலும் ஞாபகம் வரும் உங்களுக்கு. எங்களுக்கு இரும்புதான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கிய சதீஷ் சிவலிங்கம் எங்கள் சத்துவாச்சாரிக்காரர். அந்தப் பக்கத்துப் பையன் வாழ்நாளில் ஒரு தடவையாவது பாரை, எடை மாட்டுகிற இரும்புக் கம்பியை, பிடித்துப் பார்த்துவிடுவான். பிடித்த கொஞ்ச நாளில் என்னிடம் வந்து, வலது கையால் இடது தோளின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு நிற்பான். "சார், இங்க ஒரு மாதிரி குத்துது சார்."

அந்தக் குத்து எப்படியிருக்கும் என்று பாரைத் தொடாதவர்களுக்கும் தெரியும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிறீர்கள், கொடியில் துணி போடுகிறீர்கள், பனியனைத் தலைவழியே கழற்றுகிறீர்கள். கை பக்கவாட்டில் உயரும்போது பாதி தூரத்தில் சுருக்கென்று பிடிக்கிறது. அதைத் தாண்டிக் காதுப் பக்கம் போனதும் விட்டுவிடுகிறது. வீட்டில் உடனே 'வாயுப்பிடிப்பு' என்பார்கள். பூண்டு உரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பூண்டு நல்லதுதான், சாப்பிடுங்கள். தோளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படம் போட்டுக் காட்ட முடியாது, அதனால் பள்ளிக்கூட விளையாட்டு விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் கரண்டி, கரண்டியில் எலுமிச்சம்பழம், ஓட்டம். இடுப்பு மூட்டு உரலுக்குள் நிற்கிற உலக்கை மாதிரி, ஆழமாக உட்கார்ந்திருக்கும். தோள் மூட்டு அப்படியில்லை, கரண்டியில் வைத்த எலுமிச்சம்பழம். குழி சின்னது, குண்டு பெரியது. அதனால்தான் கையை எந்தப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் எளிதில் தொல்லையும் வருகிறது. பழம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பவை நான்கு சின்னத் தசைகள். கண்ணாடியில் தெரிகிற பெரிய தசை எதுவும் அந்த நான்கில் இல்லை. இன்னொரு விஷயம், இந்தக் கரண்டி நிலையாக நிற்பதும் இல்லை. தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் வழுக்கிக்கொண்டே திரும்புகிறது. கையை முழுக்க மேலே தூக்கினால் அந்த உயரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பட்டை எலும்பு திரும்பியதால் கிடைத்தது. வாரத்தில் 5 நாள் பெஞ்ச் பிரஸ், அதாவது பலகையில் படுத்துப் பாரை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது, போட்டுவிட்டு முதுகை மறந்துவிட்டவன் கரண்டியைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறவன்.

என் கதைக்கு வருகிறேன். அப்போது எனக்கு 26 வயது. மாவட்டப் போட்டிக்கு 9 நாள். இரண்டு மாதமாகவே தோளில் அந்தக் குத்து இருந்தது. வாத்தியாரிடம் சொல்லவில்லை, சொன்னால் பெயரை அடித்துவிடுவார். மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஸ்னாட்ச் போட்டேன், தரையிலிருந்து ஒரே வீச்சில் பாரைத் தலைக்கு மேலே கொண்டுபோவது அது. மாத்திரை செய்தது என்னவென்றால், வலியை மறைத்தது. தசைக்கு வலுவைக் கொடுக்கவில்லை. 90 கிலோ தலைக்கு மேலே போனது. இடது பக்கம் மட்டும் மெதுவாக, சாய்கிற பந்தல்கால் மாதிரி, பின்னால் போனது. பாரை விட்டுவிட்டு முன்னால் குதித்தேன். பலகையில் இரும்பு விழுந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

டாக்டர் பார்த்தார். தசைநார் அறுபடவில்லை, புண்பட்டிருக்கிறது, 2 வாரம் கனமாக எதுவும் தூக்காதே என்றார். அவர் சொன்னது 2 வாரம். நான் பயத்தில் 3 மாதம் கையை வயிற்றோடு ஒட்டியே வைத்திருந்தேன். முதலில் வீம்பு, அப்புறம் பயம். இரண்டும் என் வேலைதான். 3 மாதம் கழித்துக் கை மேலே எழவில்லை, என் அம்மா எனக்குத் தலை சீவிவிட்டாள். மீசை வைத்த 26 வயசுப் பையனுக்கு!

வாத்தியார் வீட்டுக்கே வந்தார். "இன்னாடா, தோளை கோயிலுக்கு நேர்ந்து விட்டுட்டியா?" என்றார். பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டினார். துண்டை நாலாக மடித்து என் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்தார். "துண்டு கீழ விழக்கூடாது. டியூபைப் பிடிச்சிக்கிட்டு உள்ளங்கையை வெளிப்பக்கமாத் திருப்பு. கதவு தொறக்கிற மாதிரி." அவ்வளவுதான். 90 கிலோ தூக்கினவன் ஒரு சைக்கிள் டியூபோடு மல்லுக்கட்டி நாலாவது தடவையிலேயே தோள் நடுங்க நின்றேன். அந்த நான்கு சின்னத் தசைகளில் இரண்டுக்கு அதுதான் வேலை. 12 வாரம் செய்தேன். தசைநார் மெதுவாகத்தான் தேறும், தசையை விட மெதுவாக. முதல் 4 வாரத்தில் "ஒண்ணும் நடக்கலையே" என்று தோன்றும். தோன்றட்டும்.

இந்த இடத்தில் ஒரு கணக்கு சொல்கிறேன், மறுபடியும் சொல்வேன். வலி இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் 3 வரை போனால் பரவாயில்லை, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் பல் விளக்கும்போது முந்தைய நாளைவிட அதிகமாக வலித்தால் நேற்று எடை அதிகம், அல்லது தடவை அதிகம். குறைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் நிறுத்தினவனும் உண்டு, வலியை மிதித்துக்கொண்டே போனவனும் உண்டு. குறைத்துக்கொண்டவன்தான் சீக்கிரம் திரும்பி வந்தான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் வாத்தியாருக்கு ஒரு தீராத குறை. முன்பெல்லாம் போட்டியில் ஸ்னாட்ச், தோள் வரை எடுத்து அங்கிருந்து மேலே தள்ளுகிற ஜெர்க், இவற்றோடு பிரஸ் என்று மூன்றாவது ஒன்று இருந்தது. காலை மடக்காமல் கை பலத்தாலேயே மேலே தள்ள வேண்டும். ஆட்கள் வில் மாதிரிப் பின்னால் வளைந்து தள்ள ஆரம்பித்தார்கள், நடுவர்களுக்குள் சண்டை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கோடு எடுத்துவிட்டார்கள். வாத்தியாருக்கு அது சொத்தை எழுதி வாங்கிக்கொண்ட மாதிரி. வேடிக்கை என்னவென்றால், அதே 1972இல்தான் நியூயார்க்கில் சார்லஸ் நியர் என்ற அறுவை மருத்துவர், தோளில் மேலெலும்பு உரசித்தான் தசைநார் பழுதாகிறது, எலும்பைக் கொஞ்சம் செதுக்கிவிட்டால் சரியாகும் என்று எழுதினார். உலகமெங்கும் செதுக்கினார்கள். பிறகு 2018இல் இங்கிலாந்தில் 300 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. செதுக்கினவர்களுக்கும், உள்ளே குழாயை விட்டுப் பார்த்துவிட்டுச் செதுக்காமலே மூடினவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. நான் கத்திக்கு எதிரி இல்லை. விழுந்து அடிபட்டு நார் முழுதாக அறுந்தால் சீக்கிரம் மருத்துவரைப் பாருங்கள், நாள் கடத்தாதீர்கள். வெறும் உரசல் என்று சொல்லிக் கத்தி வைக்கக் கூப்பிட்டால் மட்டும், முதலில் 12 வாரம் டியூபைப் பிடித்துப் பாருங்கள்.

கர்லாக்கட்டையைச் சொல்லாமல் போக மாட்டேன். நம் தாலீம்களில், பழைய உடற்பயிற்சிக் கூடங்களில், கையில் பிடித்துச் சுற்றக் கிடந்த கட்டை அது. நம் நாட்டில் வெள்ளைக்காரர்கள் பார்த்து எடுத்துக்கொண்டு போய், 1904இலும் 1932இலும் ஒலிம்பிக்கிலேயே கட்டை சுற்றும் போட்டி நடந்தது. நாம் அதைப் பரணில் போட்டுவிட்டு, தோள் வலிக்கிறது என்று அழுகிறோம். தலைக்குப் பின்னால் அந்தக் கட்டை இறங்கித் திரும்பும்போது கரண்டியும் பழமும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஆனால் தோள் வலி இருக்கும்போதே தாத்தாவின் கட்டையைத் தூக்கிச் சுற்றாதீர்கள். 1 கிலோவில், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில்கூட ஆரம்பிக்கலாம். முன்னால் ஒரு தள்ளு தள்ளினால் முதுகுக்கு இரண்டு இழு இழுக்க வேண்டும் என்பது என் கணக்கு. புத்தகத்துக் கணக்கு இல்லை, பையன்களைப் பார்த்துப் பழகினது.

கூடத்தில் என்ன மாற்றுவது? கழுத்துக்குப் பின்னால் பாரை இறக்குவதை விட்டுவிடுங்கள். பெஞ்சில் முழங்கை சிலுவை மாதிரி விரிய வேண்டாம். உடம்போடு பாதிக் கோணத்தில் இருக்கட்டும், பிடியைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வாருங்கள். அதற்கும் குத்தினால் தரையில் படுத்து டம்பெல்லைத் தள்ளுங்கள், உள்ளங்கை ஒன்றையொன்று பார்க்கட்டும். முழங்கை தரையைத் தொட்டதும் அதுவாகவே நின்றுவிடும். 3 வரை வலிக்கலாம், காலையில் இறங்கிவிட வேண்டும். மறுபடி சொல்கிறேன் என்றேனே.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். பளு தூக்கும் வீராங்கனை மீராபாய் சானு தோளுக்கும் முதுகுக்கும் சரிபார்க்க 2020 கடைசியில் அமெரிக்கா போனார். 2021 ஏப்ரலில் தாஷ்கெண்டில் ஜெர்க்கில் 119 கிலோ, உலக சாதனை. ஜூலையில் டோக்கியோவில் மொத்தம் 202 கிலோ, வெள்ளி. நம் பையன் சுளுக்கெடுக்கிறவரிடம் போய் முறுக்கிவிட்டு வருகிறான்; அதைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்று...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். இடது தோளோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அது பாரால் வந்தது இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலி முழங்கை தாண்டி விரலில் மரத்துப்போனால் கழுத்தைக் காட்டுங்கள். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தோள் இறுகிப்போகிற நோய் அதிகம் வரும், அது வேறு. நான் சொன்ன டியூப் அதற்கு மட்டும் போதாது. தூங்குவது பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். வலிக்கிற பக்கம் படுக்காதீர்கள். மறுபக்கம் ஒருக்களித்து, தலையணை ஒன்றை வயிற்றோடு அணைத்து, கையை அதன் மேல் போட்டுக்கொள்ளுங்கள். வணக்கம்.