பிரசவ அறைக்குள் பார்க்க வேண்டிய கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. இது பெரிய சாதனை. 1992இல் பெண் சிசுக்களைக் காக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்த மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்ல முடிகிறது. ஆனால், தாய்சேய் நலத் திட்டங்களை மதிப்பிட இந்த எண் இனி உதவாது. அதே கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஆயிரம் குழந்தைகளில் 12.7 குழந்தைகள் 28 நாட்களுக்குள் இறந்தன. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பின்பும் ஏன்?

தாய் இறப்பு விகிதத்தையே அளவுகோலாக வைக்கலாமே என்பார்கள். ஆண்டுக்கு 30,000 பிரசவங்கள் நடக்கும் மாவட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2018–20இல் மாநில விகிதம், உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள். அப்படியானால் அங்கே ஆண்டுக்கு 16 தாய்மார்கள் இறக்கக்கூடும். மறு ஆண்டு அது 12 ஆனால் பாராட்டு, 20 ஆனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ். இரண்டுமே தற்செயலாக நேரக்கூடிய ஏற்ற இறக்கம்தான்! மாவட்ட அளவில் விகிதத்தை நம்புவதைவிட, ஒவ்வொரு இறப்பிலும் எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போனால் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். மலைமேல் உள்ள தாளவாடியிலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஒரு பெண் சத்தியமங்கலம் வருகிறாள் என்றால், 108 வண்டி எப்போது வந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. மேலேயிருந்து அனுப்பியவர்கள் கீழே முன்கூட்டியே போன் செய்தார்களா? இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்ததா? அவளுடைய இரத்த வகைக்கு இரத்தம் தயாராக இருந்ததா? வந்து சேர்ந்த எத்தனையாவது நிமிடத்தில் ஏற்றினார்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால்தான் அடுத்த பெண்ணைக் காப்பாற்ற முடியும்.

இறந்த பெண்ணின் குடும்பத்தாரையும் அழைத்துக் கேட்கும் தணிக்கை முறை நம் மாநிலத்தில் இருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கூட்டம் யாரைத் தண்டிப்பது என்று போய்விட்டால், மறுமுறை கேஸ் ஷீட்டில் எல்லா நேரமும் ஒழுங்காகவே இருக்கும், உண்மை மட்டும் இருக்காது.

இன்னொரு இடைவெளி நம் வழக்கத்திலேயே இருக்கிறது. காங்கயத்தில் வாழ்க்கைப்பட்ட பெண் தன் கர்ப்பத்தை அங்கே பதிவு செய்கிறாள். வளைகாப்பு முடிந்து கோபியில் உள்ள தாய்வீட்டுக்குப் போகிறாள், பிரசவமும் அங்கேதான். பிரசவத்துக்குப் பிந்தைய, ஆபத்து மிகுந்த அந்த 42 நாட்களில் அவள் எந்தச் செவிலியரின் பொறுப்பு? ஒருவர் ‘ஊரில் இல்லை’ என்று எழுதுவார், மற்றவர் ‘நம் பதிவு இல்லை’ என்பார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் பெண்களின் நிலை இதைவிட மோசம். பிரசவத்துக்கு ரயிலேறிவிட்டால் நம் கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறார்கள். எந்தத் திட்டத்தை மதிப்பிடுபவரும் முதலில் இவர்களைத்தான் தேட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெண் பிரசவத்துக்கு ஊர் மாறும்போது, அங்கும் இங்கும் உள்ள கிராம சுகாதார செவிலியர் இருவரிடமும் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணையும் பரிசோதனை அட்டையையும் கையோடு கொடுத்தனுப்புங்கள். வீடு திரும்பிய பின் செவிலியர் பார்க்க வரவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போய்க் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.