தின்னர் வைத்துப் பார்க்காமல் பிரைமர் அடிக்காதீர்கள்!

வணக்கம் மக்களே! நம்ம 1969 ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பானெட் ஒருவழியாகப் பிரைமருக்குத் தயார். ஆனால் முதலில் ஒரு சண்டை இருக்கிறது. போன வீடியோ பார்த்த பாதிப் பேர், "மேலே ஒரு கை உப்புத்தாள் பேப்பர் போட்டுவிட்டுப் பிரைமர் அடிக்க வேண்டியதுதானே" என்கிறீர்கள். மீதிப் பேர், "வண்டி முழுக்கத் தகடு வரை உரி" என்கிறீர்கள். அடியில் இருப்பது என்ன பெயிண்ட் என்று ஒருத்தரும் கேட்கவில்லை!

பழைய துணியைப் பெயிண்ட் கரைக்கிற என்.சி. தின்னரில் நனைத்து ஓரத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். துணியில் கலர் கரைந்து வந்தால் பழைய ட்யூக்கோ வகை, அதாவது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். சுருங்கி எழுந்தால் சிந்தடிக் எனாமல். அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட். நம்ம பானெட்டில் மேலே இருக்கிற சிவப்பு அப்படியே சுருங்கிவிட்டது. யாரோ பிற்பாடு எனாமல் அடித்திருக்கிறார்கள். இதன்மேல் பிரைமர் போயிருந்தால், அதிலுள்ள தின்னர் உள்ளே இறங்கி மொத்தமும் அப்பளமாகப் பொரிந்திருக்கும்.

சிவப்புக்கு அடியில் ஒரு கிரீம் கலர். அது துணியில் கரைந்து வந்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கேயும் அதே கிரீம்! வண்டலூர் ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த நாளின் கலர் இதுதான் என்று நினைக்கிறேன். வண்டி அந்தக் கலருக்கே திரும்பப் போகிறது, இனி இதில் விவாதம் கிடையாது.

ஆக, பானெட் மட்டும் பெயிண்ட் ரெமூவர் போட்டுத் தகடு வரை உரிக்கிறோம். கதவுகளில் தின்னர் எதையும் அசைக்கவில்லை, பெயிண்ட் நன்றாகப் பிடித்திருக்கிறது. அங்கே பெயர்ந்த ஓரங்களை 180 நம்பர் பேப்பரில் ஆரம்பித்து, அதைவிட நைசான 320இல் முடித்தால் போதும். விரலால் தடவினால் படி தெரியக் கூடாது. பூட் மூடியில் காந்தம் ஒட்டவே இல்லை, பள்ளத்தை நிரப்ப அவ்வளவு பட்டி (புட்டி) பூசியிருக்கிறார்கள். அது தனி வீடியோ.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். பேப்பர் போடுவதற்கு முன்பே சோப்புத் தண்ணீர், அப்புறம் கிரீஸ் ரெமூவர். பழைய பாலிஷில் இருக்கிற சிலிகானைத் துடைக்காமல் தேய்த்தால் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரைமர் அடிக்கும்போது மீன் கண் போலக் குழி குழியாக விழும். இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். மாஸ்க் போடுங்கள், தூசி பறக்காமல் வாட்டர் பேப்பரிலேயே தேயுங்கள். பட்டியில் மட்டும் தண்ணீர் படவே கூடாது, குடித்துவிடும். தகடு தெரிகிற இடத்தை உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர். சென்னைக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு வணக்கம் சொல்லும்.

சரி, இப்போது டாக் துணி. கடைசித் தூசியை எடுக்கிற ஒட்டுத் துணி. இந்தக் கைக்குட்டை அளவுத் துண்டு 140 ரூபாய்! "இம்போர்ட் சார்" என்றார் கடைக்காரர். கொசுவலை மாதிரி இருக்கிறது, இதில் என்ன இம்போர்ட்? பக்கத்துக் கடையில் கேட்டேன், 150. திரும்பி வந்து 130க்குக் கேட்டேன், முறைத்தார். 135க்கு முடிந்தது. அந்த ஐந்து ரூபாய்க்காக இரண்டு கடை ஏறியிருக்கிறேன், லைக் போடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள், அதன் பிசின் தகட்டில் ஒட்டும். மேலோட்டமாக ஒரு இழுப்பு போதும். நான்காக மடித்து, ஒவ்வொரு மடிப்பாகத் திருப்பி, 135 ரூபாயையும் வசூல் செய்துவிட்டேன்.

கம்ப்ரசர் ரெடி. கேமராவை மூடிவிட்டு அடிக்கிறேன், லென்ஸில் பிரைமர் படிந்தால் அதற்கு வேறு கடை ஏற வேண்டும்.