செட்டிபாளையத்து ஜாஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வட்டாரத்தில் பழைய இசைத்தட்டு சேர்க்கிறவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம். பெரும்பாலும் சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, அப்புறம் கதை வசனத் தட்டுகள். அவர்களுக்குள் ஜாஸ் கேட்கிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம். நானும் அதில் ஒருவன். ஒருவர் வீட்டில் ஒரு சாயங்காலம் கூடுவோம். ஆளுக்கொரு தட்டு கொண்டுவருவார்கள். அதிகம் பேர் அறியாத தட்டுகளை இப்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ஜாஸ் கேட்டே பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உருவான இசை அது. மெட்டை முதலில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அதன்மேல் அந்த நேரத்துக்குத் தோன்றியதைக் கற்பனையாக வாசிப்பார்கள். கச்சேரியில் நாம் மனோதர்மம் என்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலைதான். இவ்வளவு தெரிந்தால் போதும்.

தட்டு சேர்ப்பவர்களிடம் ஒரு வியாதி உண்டு. நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், கிடைக்காத ஒன்றைத்தான் சொல்வார்கள். ஜப்பானில் மட்டும் வந்தது, லண்டனில் முதல் பதிப்பு, இன்ன விலைக்கு ஏலம் போனது என்று கதை நீளும். கேட்டவருக்குத் தட்டும் கிடைக்காது, பாட்டும் காதில் விழாது. சொன்னவரின் பெருமை மட்டும் மிஞ்சும். இன்னொரு வகையினர் இதற்கு நேர் எதிர். யார் கேட்டாலும் 1959இல் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அருமையான தட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஊரே இருக்கிறது, நாம் எதற்கு?

என் கட்சி இதுதான்: தட்டைப் பார்த்துச் சொல்லாதீர்கள், ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். எதிரே இருப்பவர் காதில் ஏற்கெனவே என்ன இருக்கிறது? நாயனமா, தவிலா, தேவாரமா, சினிமாப் பாட்டா? அங்கிருந்து ஒரு வழி போட்டுக் கொடுங்கள். எந்தத் தட்டு என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்றும் சொல்லுங்கள். முடிந்தால் தட்டையே கொடுத்தனுப்புங்கள். இரவல் கொடுக்க மனசு வராத தட்டை வாயால் மட்டும் பரிந்துரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கென்று நான் முதலில் எடுப்பது ஆலிஸ் கோல்ட்ரேன். காரணம் இருக்கிறது. போத்தனூர் தாண்டிப் போனால் செட்டிபாளையம். 1914இல் அந்த ஊரில் பிறந்த ராமசாமி என்பவர் பிற்பாடு ரிஷிகேசம் போய் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தர் ஆனார். 1966இல் நியூயார்க் போனார். 1969இல் உட்ஸ்டாக் இசை விழாவில், அத்தனை பெரிய இளைஞர் கூட்டத்துக்குத் தொடக்க உரை சொன்னவர் இவர்தான். ஜான் கோல்ட்ரேன் என்ற மாபெரும் சாக்ஸபோன் கலைஞர் 1967இல் இறந்தபின், அவர் மனைவி ஆலிஸ் சச்சிதானந்தரிடம் சிஷ்யையாகச் சேர்ந்தார். பியானோவும், பெரிய யாழ் மாதிரியான ஹார்ப்பும் வாசிப்பவர் ஆலிஸ். பெரும்பகுதியை 1970 நவம்பரில் தம் வீட்டுப் பதிவுக்கூடத்திலேயே பதிவுசெய்து, 1971இல் ஒரு தட்டு வெளியிட்டார். பெயர் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’. செட்டிபாளையத்துக்காரர் பெயர் அமெரிக்க ஜாஸ் தட்டின் அட்டையில்!

முதல் பக்கம், முதல் பாட்டு. தம்புராவில் தொடங்குகிறது. அதன்மேல் செசில் மெக்பீ பெரிய பேஸ் வயலினில் ஒரு சின்ன மெட்டுத் துண்டை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார். ஹார்ப் தண்ணீர் தெளித்த மாதிரி விழுகிறது. அப்புறம்தான் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் உள்ளே வருகிறது. சுருதியை விட்டு யாரும் எங்கேயும் ஓடுவதில்லை. சுருதிப் பெட்டிச் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே இருக்காது. ஒருமுறை எங்கள் சாயங்காலத்துக்கு வந்த புது ஆள் ஒருவர் பாட்டு முழுக்கச் சும்மா இருந்துவிட்டு, அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்ததும், “அட, நம்ம செட்டிபாளையத்துச் சாமியாருங்களா?” என்றார். அந்தத் தட்டு அன்றைக்கே அவர் பையில் ஏறிவிட்டது.

ஜாஸ் உலகத்தில் அந்தத் தட்டு ஓரளவு பேர் பெற்றதுதான். அதிகம் பேர் தொடாதது பிற்பாடு வந்த ஒன்று: 1972இன் ‘வேர்ல்ட் கேலக்ஸி’. அதில் ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ பாட்டில் சச்சிதானந்தரே பேசுகிறார். பேசுவது ஆங்கிலம்தான். தந்தி வாத்தியக் கூட்டம் இந்தத் தட்டில் தூக்கலாகவே இருக்கிறது. எனக்கு ‘ஜர்னி’ அளவுக்கு இது ஒட்டவில்லை. இருந்தாலும் ஒரு கொங்குக் குரல் கோல்ட்ரேன் மெட்டோடு சேர்ந்து ஒலிக்கும் இடம் இதைத் தவிர வேறெங்கே இருக்கிறது? அதற்காகவே ஒருமுறை கேட்கலாம்.

அடுத்தது நாயனம். கல்யாணம், கோயில் நோம்பி எதற்கும் நாயனம் இல்லாமல் நமக்கு ஆகாது. அந்தக் காதுக்கு நான் முதலில் கொடுப்பது யூசெஃப் லதீஃப். 1961இல் பதிவான ‘ஈஸ்டர்ன் சவுண்ட்ஸ்’. அதில் அவர் சாக்ஸபோனோடு ஓபோவும் வாசிக்கிறார். நாயனத்துச் சீவாளியைப் போல ஓபோவுக்கும் இரட்டை நாக்கு. சத்தத்தில் அந்தக் கூர்மை இருக்கும். ‘ப்ளூஸ் ஃபார் தி ஓரியண்ட்’ என்ற பாட்டைப் போட்டுக் காட்டினால், நம்மூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து சார்லி மரியானோவுக்குப் போகலாம். பாஸ்டனில் பிறந்தவர், ஆல்டோ சாக்ஸபோன்காரர். சார்ல்ஸ் மிங்கஸின் 1963ஆம் வருடத்து ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’யில் உருகி உருகி வாசித்திருக்கிறார். அந்த ஆள் அறுபதுகளில் மலேசியா போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கி, அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். பிறகு தென்னிந்தியாவுக்கே வந்து பயின்றார். 1976இல் ஜெர்மனியின் எம்.பி.எஸ். கம்பெனி வெளியிட்ட ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டில், சாக்ஸபோனோடும் புல்லாங்குழலோடும் நாகஸ்வரமும் அவர் கையில் இருக்கிறது. உடன் வாசிப்பவர்கள் ஜான் ஹாமர், ஜாக் புரூஸ் போன்ற பெரிய கைகள்.

கோபிப் பக்கத்து நாயனக்காரர் ஒருவர் வேறு வேலையாக வீட்டுக்கு வந்திருந்தபோது இந்தத் தட்டைப் போட்டேன். நாயனம் வருகிற இடத்தில், “முள்ளத் தூக்கி மறுக்கா அங்கயே வைங்க” என்றார். வைத்தேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “இவுரு சீவாளிய நல்லா நனைச்சு வாசிக்கிறாருங்களா, இல்லீன்னா அரைகுறையாக் காஞ்சதுலயே வாசிக்கிறாருங்களா?” இத்தனை வருடம் அந்தத் தட்டைக் கேட்டும் எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை. கடைசியில் தீர்ப்பும் சொன்னார்: “நெளிவு கம்மிதானுங்க. ஆனா மூச்சு இருக்குதுங்க.” ஜாஸ் பத்திரிகைக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட எனக்கு அந்த இரண்டு வாக்கியம் மேல். எங்கள் வட்டத்தில் இப்போது அந்தத் தட்டை யாருக்குக் கொடுத்தாலும் அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன்.

நெளிவு வேண்டுமென்றால் அதே மரியானோவின் ‘ஜோதி’ இருக்கிறது. 1983, ஈ.சி.எம். கம்பெனி வெளியீடு. பெங்களூர் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு சேர்ந்து செய்தது. ஆர்.ஏ. ரமாமணி பாட்டு, டி.ஏ.எஸ். மணி மிருதங்கம், கடம், கஞ்சிரா, வாயால் ஜதி சொல்லும் கொன்னக்கோல் எல்லாம் உண்டு. பியானோவும் இல்லை, டிரம்ஸும் இல்லை. இது ஜாஸே இல்லை என்று எங்களுக்குள் ஒருவர் இன்னமும் சண்டை போடுகிறார். போடட்டும். கர்நாடக சங்கீதம் கேட்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல முதல் தட்டு எனக்குத் தெரியாது.

ராகம் வழியாக வருகிறவர்களுக்கு 1968இல் எச்.எம்.வி.யில் வந்த ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’. இந்திப் பட இசையமைப்பாளர்கள் சங்கர்–ஜெய்கிஷன் செய்தது. ரயீஸ் கான் சிதார், மனோகரி சிங் சாக்ஸபோன். பதினொரு ராகம், பதினொரு பாட்டு. இதில் ஒரு எச்சரிக்கை: அட்டையில் ‘தோடி’ என்று இருப்பதைப் பார்த்து நம்ம தோடியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். அது இந்துஸ்தானித் தோடி, நம் சுபபந்துவராளியின் சுரங்கள். ‘மால்கௌன்ஸ்’ மட்டும் நம்ம ஹிந்தோளமேதான், அதிலிருந்து தொடங்குங்கள். பாட்டெல்லாம் சின்னச் சின்னது, கொஞ்சம் ஹோட்டல் பேண்டு வாசனை அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.

இதற்கு இரண்டு வருடம் முந்தியே லண்டனில் ‘இண்டோ ஜாஸ் சூட்’ வந்துவிட்டது. கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் எழுதியது. ஜமைக்காவில் பிறந்த ஜோ ஹாரியட் ஆல்டோ சாக்ஸபோன். இந்திய வாத்தியப் பக்கம் ஐந்து பேர், ஜாஸ் பக்கம் ஐந்து பேர். வரலாறு என்ற முறையில் முக்கியமானது. ஆனால் கேட்கும்போது எழுதிவைத்ததை ஒப்பிக்கிற விறைப்பு அங்கங்கே தெரியும். ஹாரியட் வாயை வைத்ததும்தான் உயிர் வரும். அதே ஹாரியட், இந்தியாவிலிருந்து போன கிட்டார்காரர் அமான்சியோ டி’சில்வாவோடு 1969இல் செய்த ‘ஹம் தோனோ’ அந்த விறைப்பு இல்லாதது. ‘பாலட் ஃபார் கோவா’ என்ற பாட்டைக் கேளுங்கள். முதல் பதிப்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதைத் தேடி அலைய வேண்டாம், மறுபதிப்பிலோ செல்போனிலோ கேட்டால் போதும். ஹாரியட் 1973இல், ஐம்பதைக்கூட எட்டாமல் போய்ச் சேர்ந்தார்.

தாளக் காதுக்காரர்களுக்கு இரண்டு. கையைத் தட்டிக்கொண்டே கேட்கிறவர் என்றால் டான் எல்லிஸ். தட்டின் பெயர் ‘லைவ் அட் மாண்டரே’, 1966இல் அமெரிக்காவின் மாண்டரே ஜாஸ் விழாவில் நேரடியாகப் பதிவானது. அதில் ஒரு பாட்டின் பெயரே ‘33 222 1 222’. விரல்விட்டு எண்ணுங்கள்: மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. மொத்தம் பத்தொன்பது. எல்லிஸ் ஹரிஹர் ராவ் என்ற இந்தியக் கலைஞரிடம் தாளக் கணக்குப் படித்தவர். மிருதங்கம் படித்த பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினால் பாட்டு முடிவதற்குள் கணக்கைப் பிடித்துவிடுவார்கள்.

மாரியம்மன் நோம்பியில் கம்பம் நட்டதும் திடும மேளம் கேட்டு ஆடி வளர்ந்தவர் என்றால் அவருக்கு மேக்ஸ் ரோச்சின் ‘எம்பூம்’. 1979இல் பதிவானது. தட்டு முழுக்கத் தாள வாத்தியக்காரர்கள் மட்டும்தான். சாக்ஸபோனும் கிடையாது, டிரம்பெட்டும் கிடையாது. டிரம்ஸ், டிம்பனி, மரிம்பா, வைப்ரஃபோன் என்று ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டே போகும். முதல் பாட்டு ‘ஓனமடபீயா’. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டிய தட்டு இது. ஜமாப் மேளம் அடிக்கிற பையன்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அவர்களுக்கு நோம்பிச் சீசனில் நேரமில்லை, மற்ற நாளில் எனக்கு வாய்க்கவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மில் குடும்பங்களிலும் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டிலும் தாத்தா காலத்து எல்.பி. தட்டுகள் பரண்மேல் கிடக்கின்றன. வீட்டை இடிக்கும்போது அவை பழைய பேப்பரோடு எடைக்குப் போய், உக்கடத்துப் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்கின்றன. எடைக்குப் போடுமுன் அட்டையை ஒருமுறை படித்துப் பாருங்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைத்தால் கோணிப்போகும். வெயில் படக் கூடாது. திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் பஞ்சுத் தூசியைத் துடைக்காமல் முள்ளை வைக்காதீர்கள். எழுபத்தெட்டு வேகத்துப் பழைய அரக்குத் தட்டு என்றால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும். மேலே நான் சொன்ன பெயர்களில் ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் நீங்கள் கேளுங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லையென்றால் பக்கத்தில் நாயனக்காரரோ தவில்காரரோ இருப்பார், அவரிடம் கொடுத்து என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.